எடைப் படிக்கட்டு: டெரன்ஸ் க்ராஃபோர்டின் 33 பவுண்டுகள்

2014 ஜூன் 28, சனிக்கிழமை இரவு. அமெரிக்காவின் நடுவில், சோளக் காடுகளுக்கு இடையே இருக்கும் ஒமாஹா நகரின் பெரிய உள்ளரங்கில், கூரையைத் தொட்டுவிடும் உயரத்தில் நானும் என் அறை நண்பனும் உட்கார்ந்திருந்தோம். நெப்ராஸ்காவில் எம்.எஸ். முடித்து, முதல் சம்பளம் வாங்கிய சமயம். இருந்ததிலேயே மலிவான டிக்கெட். மேடையில் இருந்தவர்கள் தீக்குச்சி அளவுக்குத் தெரிந்தார்கள். பெரிய திரை தொங்கியதால் பிழைத்தோம்.

உள்ளூர்ப் பையன் டெரன்ஸ் க்ராஃபோர்ட் தன் லைட்வெயிட் உலகப் பட்டத்தை முதன்முறையாகத் தற்காத்துக்கொள்ளும் சண்டை அது. ஒமாஹாவில் இதற்கு முன் உலகப் பட்டச் சண்டை நடந்தது 1972இல். ஜோ ஃப்ரேஸியர் வந்து ரான் ஸ்டேண்டர் என்ற உள்ளூர்க்காரரை நான்கு சுற்றுகளில் ரத்தக்களரியாக்கிவிட்டுப் போனார். 42 வருடம் கழித்து இப்போதுதான் அடுத்தது. அரங்கில் பத்தாயிரம் பேருக்கு மேல்.

எதிராளி யூரியோர்கிஸ் கம்போவா. கியூபாக்காரர், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 51 கிலோ பிரிவில் தங்கம் வென்றவர். பிறகு தொழில்முறைக்கு வந்து 126 பவுண்டு (ஃபெதர்வெயிட்) பிரிவில் உலகப் பட்டங்கள் வென்று, படிப்படியாக 135க்கு ஏறியிருந்தார். அவரும் தோற்றதில்லை, க்ராஃபோர்டும் தோற்றதில்லை. முதல் நான்கு சுற்றுகளில் கம்போவாவின் வேகத்தைப் பார்த்து அரங்கமே மௌனமாகிவிட்டது. ஐந்தாவது சுற்றில் க்ராஃபோர்ட் அவரைக் கீழே தள்ளினார். எட்டாவதில் மறுபடி. ஒன்பதாவதில் இரண்டு முறை. ஒவ்வொரு முறையும் கம்போவா எழுந்து வந்தார். அந்த ஒன்பதாவது சுற்றிலேயே ஒரு வலக்கைக் குத்தில் க்ராஃபோர்டைத் தடுமாறவும் வைத்தார். நான்காவது முறை விழுந்தபோது நடுவர் போதும் என்றார்.

"ஏன்டா, வேகமா இருந்தவன்தானே ஜெயிக்கணும்?" என்றான் நண்பன்.

அப்போது என்னிடம் சரியான பதில் இல்லை. பதினோரு வருடம் கழித்து அதே க்ராஃபோர்ட் இன்னும் மூன்று பிரிவுகளில் பட்டம் வென்றுவிட்டு, 168 பவுண்டுக்கு ஏறி, அங்கே ராஜாவாக இருந்தவரைத் தோற்கடித்தார். 135இலிருந்து 168. முப்பத்து மூன்று பவுண்டு, அதாவது 15 கிலோ. ஏறி வந்த கம்போவா ஏன் விழுந்தார், ஏறிப்போன க்ராஃபோர்ட் ஏன் விழவில்லை? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

அதற்கு முன் ஒரு சொந்தக் கதை. கல்லூரியில் நானும் குத்துச்சண்டை ஆடியிருக்கிறேன். ஆடினேன் என்பதைவிட அடி வாங்கினேன் என்பது பொருத்தம். என் எடை 60 கிலோ. அந்தப் பிரிவில் எங்களிடம் ஏற்கெனவே நல்ல ஆள் இருந்ததால் என்னை 57க்கு இறங்கச் சொன்னார்கள். இரண்டு நாள் அரைப் பட்டினி, சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓட்டம், கடைசி ஒரு நாள் சொட்டுத் தண்ணீர் கிடையாது. காலையில் தராசு முள் 57க்குக் கீழே நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். அன்று மாலை நடந்த சண்டையின் இரண்டாவது சுற்று எனக்கு இன்றுவரை ஞாபகம் இல்லை. முடிந்தபின் நண்பர்கள் சொல்லித்தான் தெரியும். இன்றும் டிவியில் எவராவது தராசில் ஏறுவதைப் பார்த்தால் எனக்கு நாக்கு வறண்டு போகிறது.

நிற்க. குத்துச்சண்டையைப் பின்தொடராத வாசகர்களுக்குச் சில அடிப்படை விஷயங்கள்.

தொழில்முறைக் குத்துச்சண்டையில் எடைதான் சாதி, மதம் எல்லாம். 105 பவுண்டில் தொடங்கி ஹெவிவெயிட் வரை 17 பிரிவுகள். (ஓர் அமைப்பு 2020இல் பதினெட்டாவதாக ஒன்றைச் சேர்த்தது.) அந்தக் காலத்தில் எட்டே பிரிவுகள் இருந்தன, இடையில் படிகளைச் செருகிக்கொண்டே போனார்கள். நம் கதைக்கு வேண்டியவை 126, 135, 140, 147, 154, 160, 168, 175. ஒவ்வொரு பிரிவுக்கும் நான்கு பெரிய அமைப்புகள் (டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.சி., ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ.) தனித்தனியாகப் பட்டம் கொடுக்கின்றன. ஒரே பிரிவில் நான்கையும் ஒருவர் வைத்திருந்தால் அவர் மறுக்க முடியாத சாம்பியன்.

பட்டம் வென்றால் போதாது, தற்காத்துக்கொண்டே இருக்க வேண்டும். அமைப்பு கைகாட்டும் கட்டாயப் போட்டியாளரைக் குறித்த காலத்துக்குள் சந்திக்காவிட்டால் பட்டம் பறிபோகும். மேல் பிரிவுக்குப் போக விரும்புகிறவர் பொதுவாகக் கீழ்ப் பிரிவுப் பட்டத்தைத் துறந்துவிட்டுப் போகிறார். கையில் இருப்பதை விட்டுவிட்டு, தன்னைவிடப் பெரிய ஆட்கள் இருக்கும் இடத்துக்கு ஏன் போக வேண்டும்? பணம், புகழ், கீழே எதிராளிகள் தீர்ந்துபோவது என்று காரணங்கள் உண்டு. பலருக்கும் இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. உடம்பு இனிமேல் அந்த எடைக்கு இறங்க மறுக்கிறது.

ஏனென்றால் தராசில் காட்டும் எடை சண்டை நேரத்து எடை அல்ல. எடை பார்ப்பது முந்தைய நாள். 135க்கு நிற்கிறவர் உடலிலிருந்து நீரை வற்றவைத்து நிற்கிறார். இறங்கியதும் குடித்துச் சாப்பிட்டு மறுநாள் பல பவுண்டு கூடுதலாக மேடை ஏறுகிறார். எல்லோரும் இதைச் செய்வதால் யாருக்கும் லாபமில்லை. ஆனால் செய்யாதவருக்கு நஷ்டம். நம் ஊர் கல்யாண மண்டபத்தில் முன்வரிசைக்காரர் எழுந்து நின்றால் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டி வருவதைப் போல.

சரி, இப்போது கொஞ்சம் கணக்கு. நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு மென்பொருள் எழுதுகிற ரகம். படித்ததற்கு இங்கேயாவது உபயோகம் இருக்கட்டும்.

கம்போவா 126இலிருந்து 135க்கு வந்தது 7 சதவீத ஏற்றம். க்ராஃபோர்ட் கடைசியாக 154இலிருந்து 168க்குப் போனது, 160ஐத் தொடாமலே, 9 சதவீத ஏற்றம். சதவீதத்தை மட்டும் பார்த்தால் க்ராஃபோர்ட்தான் விழுந்திருக்க வேண்டும்.

ஆனால் ஒரு பொருளை எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் பெரிதாக்கினால், எடை நீளத்தின் மும்மடிப் பெருக்கமாகக் கூடும். திருப்பிச் சொன்னால், எடை 9 சதவீதம் கூடினால் உயரமும் கை நீளமும் சுமார் 3 சதவீதம்தான் கூட வேண்டும். கை நீட்டு (இரு கைகளையும் விரித்தால் விரல் நுனிக்கு விரல் நுனி) க்ராஃபோர்டுக்கு 74 அங்குலம், அதாவது 188 சென்டிமீட்டர். உயரமோ 173தான். இந்தக் கை முதலிலிருந்தே 135 பவுண்டுக்காரருக்கு உரிய கை அல்ல. கீழ்ப் படிகளில் நின்றபோதே அவர் மேல்படிக்கான எலும்போடுதான் நின்றிருக்கிறார். கம்போவா நேர்மாறு. அன்று க்ராஃபோர்டைவிட உயரம் குறைவு. கை நீட்டு அரைச் சாணுக்கும் மேல் குறைவு. தசையையும் நீரையும் கூட்டிக்கொண்டு ஏறலாம். எலும்பைக் கூட்ட முடியாது. கம்போவா நெருங்கி வந்து குத்த ஒவ்வொரு முறையும் ஓரடி கூடுதலாகப் பயணம் செய்ய வேண்டியிருந்தது. அந்த ஓரடிக்குள்தான் க்ராஃபோர்டின் குத்துகள் காத்திருந்தன. நண்பனின் கேள்விக்குப் பாதி பதில் இது.

மீதிப் பாதி, ஏறும்போது எது கூட வரும், எது வராது என்பதில் இருக்கிறது.

முதலில், குத்தின் பலம் அவ்வளவாகக் கூட வருவதில்லை. உங்கள் குத்து அதேதான். ஆனால் அதை வாங்கும் கழுத்தும் தலையும் பெரிதாகிவிட்டன. க்ராஃபோர்டின் கணக்கேட்டிலேயே இது தெளிவாகத் தெரிகிறது. 147 பவுண்டில் அவர் எட்டுப் பேரோடு மோதினார்: 2018இல் ஜெஃப் ஹார்ன் தொடங்கி 2023இல் எரல் ஸ்பென்ஸ் வரை. எட்டுப் பேரில் ஒருவர்கூட முழு 12 சுற்றைப் பார்க்கவில்லை. 154க்குப் போனதும் இஸ்ரைல் மத்ரீமோவ் முழு 12 சுற்றும் நின்றார். 168இல் கனேலோவும் நின்றார். எதிராளி பெரிதாகப் பெரிதாக ஒரே குத்தில் முடிக்கும் வசதி கீழேயே தங்கிவிட்டது.

இரண்டாவது, அடி தாங்கும் சக்தி. இதுவும் வராது. வராது என்பது, வாங்கிப் பார்க்கும் வரை தெரியாது. அதுதான் இதில் உள்ள கொடுமை. 2016 மே மாதம் அமீர் கான் 147இலிருந்து ஏறி, 155 பவுண்டு ஒப்பந்த எடையில் கனேலோ ஆல்வரெஸோடு மோதினார். கானின் கை வேகத்துக்கு முன் கனேலோ ஐந்து சுற்றுகள் திணறினார். ஆறாவதில் ஒரே ஒரு வலக்கைக் குத்து. கான் மல்லாந்து விழுந்ததைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்; ஜெயித்த கனேலோவே பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் கெல் ப்ரூக், தோல்வியே காணாத 147 பவுண்டு சாம்பியன், நேராக 160க்குப் போய் கென்னடி கொலொவ்கினைச் சந்தித்தார். நன்றாகத்தான் ஆடினார். கண்குழி எலும்பு முறிந்தது. ஐந்தாவது சுற்றில் அவருடைய மூலையிலிருந்தே துண்டை வீசினார்கள். அறுவை சிகிச்சை முடிந்து, மறுபடி 147க்கு இறங்கி, 2017 மேயில் ஸ்பென்ஸோடு தன் பட்டத்தைத் தற்காக்கப் போனார். இம்முறை இன்னொரு கண்ணின் எலும்பு முறிந்தது. பட்டமும் போயிற்று. மேலே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடலாம் என்பது காகிதத்தில் எழுதும்போது சுலபம்.

மூன்றாவது, நேரக்கணிப்பும் கண்ணும். இவை மட்டும் குறையாமல் கூட வரும். எதிராளியின் தோள் அசையும்போதே குத்து எங்கே வருகிறது என்று அறிவது எடையைச் சார்ந்ததல்ல. க்ராஃபோர்ட் பிறவியில் வலக்கைக்காரர். ஆனால் இடக்கைக்காரரைப் போல வலக்காலை முன்வைத்து நிற்பார், நடுச்சண்டையில் நினைத்தபோது மாற்றிக்கொள்வார். ஒமாஹாவில் அன்று கம்போவாவின் வேகத்துக்கு அவர் கண்டுபிடித்த மருந்தும் இதுதான். சில சுற்றுகள் பொறுமையாகப் படித்தார், பிறகு இடக்கை நிலைக்கு மாறினார், அதன்பின் ஆட்டமே மாறிவிட்டது.

நான்காவதாக ஒன்று இருக்கிறது. அதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். ஏறுவதற்கு எடுத்துக்கொள்ளும் காலம். க்ராஃபோர்ட் 135இல் பட்டம் வெல்வதற்கு ஒரு வருடம் முன்பே, 2013 மார்ச்சில், குறுகிய அவகாசத்தில் 140க்குப் போய் ப்ரெய்டிஸ் ப்ரெஸ்காட்டை வென்று பார்த்திருந்தார். 2014 மார்ச்சில் ஸ்காட்லாந்து போய் ரிக்கி பர்ன்ஸை கிளாஸ்கோவிலேயே வீழ்த்திப் பட்டம். 2015 ஏப்ரலில் 140. அங்கே இரண்டு வருடத்துக்கு மேல் இருந்து 2017 ஆகஸ்டில் நான்கு பட்டங்களையும் சேர்த்தார். 2018இல் 147, அங்கே ஐந்து வருடம். 2023 ஜூலையில் ஸ்பென்ஸை வீழ்த்தி அங்கும் நான்கு பட்டம். 2024 ஆகஸ்டில் 154. ஒவ்வொரு படியிலும் உடம்பு அந்த எடையைச் சொந்தமாக்கிக்கொள்ளும் வரை நின்றுவிட்டுத்தான் அடுத்த காலை எடுத்து வைத்திருக்கிறார். கடைசித் தாவல் ஒன்றுதான் விதிவிலக்கு. அதற்கும் மத்ரீமோவ் சண்டைக்குப் பிறகு 13 மாதம் எடுத்துக்கொண்டார்.

படி ஏறுவது எப்போதும் ஆசையால் நடப்பதில்லை என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. மேரி கோம் 45, 46, 48 கிலோ பிரிவுகளில் உலகப் பட்டங்கள் வென்றவர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் குத்துச்சண்டை முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. ஆனால் மூன்றே பிரிவுகள். அவற்றில் ஆகக் கீழானது 51 கிலோ. அதுவரையிலான வாழ்க்கையில் பெரும்பகுதி கீழே இருந்த பெண்மணி, ஒலிம்பிக் கனவுக்காக எடையை ஏற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அரையிறுதியில், 51ஐயே சொந்த எடையாகக் கொண்ட நிக்கோலா ஆடம்ஸிடம் தோற்று வெண்கலத்தோடு திரும்பினார். அந்த வெண்கலம் எத்தனை கனம் என்று இந்தக் கணக்குத் தெரிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இனி 2025 செப்டம்பர் 13, லாஸ் வேகஸ். அல்லீஜியன்ட் ஸ்டேடியத்தில் எழுபதாயிரம் பேருக்கு மேல். நெட்ஃப்ளிக்ஸில் வந்ததால் தனியாகப் பணம் கட்டாமல் என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து பார்த்தேன். அறை நண்பன் இப்போது வேறு மாநிலத்தில். தொலைபேசியில் கூட இருந்தான். 168 பவுண்டின் நான்கு பட்டங்களையும் தற்காத்துக்கொண்டவர் கனேலோ. க்ராஃபோர்டுக்கு 38 வயது நிறைய இன்னும் இரண்டு வாரம்.

பெரும்பாலான ஆட்கள் பார்க்கத் தவறிய விஷயம் ஒன்று. கனேலோவும் ஏறி வந்தவர்தான். 154இல் பட்டம் வென்று, 160 போய், 168 போய், 2019இல் 175இல் கூட ஒரு பட்டம் வென்றவர். 2022 மேயில் மறுபடி 175க்குப் போய் திமித்ரி பிவோலிடம் புள்ளிகளில் தோற்று, தன் படி எதுவென்று தெரிந்துகொண்டு 168க்குத் திரும்பினார். அவர் உயரம் கிட்டத்தட்ட க்ராஃபோர்டின் உயரமே. கை நீட்டு சுமார் 179 சென்டிமீட்டர். அதாவது ‘சிறியவர்’ என்று எல்லோரும் சொன்ன க்ராஃபோர்டின் கை 9 சென்டிமீட்டர் நீளம்! கம்போவா செய்த தவறை க்ராஃபோர்ட் செய்யவில்லை. மேல் பிரிவின் மிகப்பெரிய ஆளை அல்ல, தன் கைக்கு எட்டும் மேல் பிரிவு ஆளைத் தேர்ந்தெடுத்தார்.

சண்டையும் அப்படித்தான் போயிற்று. கனேலோ உடம்பில் குத்திக் குத்தி அவரைக் கீழே இறக்கப் பார்த்தார். க்ராஃபோர்ட் முன்கையால் தூரத்தை அளந்து, வந்த குத்துக்குப் பதில் குத்துக் கொடுத்து, கடைசிச் சுற்றுகளில் தள்ளிப் போகாமல் நின்றே ஆடினார். ஒருவரும் கீழே விழவில்லை. மூன்று நடுவர்களும் க்ராஃபோர்டுக்கே கொடுத்தார்கள்: 116-112, 115-113, 115-113. நான்கு பட்ட காலத்தில் மூன்று பிரிவுகளில் மறுக்க முடியாத சாம்பியன் ஆன முதல் ஆண் அவர்.

இதைப் பார்த்துவிட்டு, திறமை இருந்தால் எடை ஒரு பொருட்டே அல்ல என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு நடுவர்களின் கணக்கில் ஒரு சுற்று மாறியிருந்தால் சமநிலை. உலகின் மிகச் சிறந்த நேரக்கணிப்பு, வகைக்குப் பொருந்தாத நீளக் கை, பதினொரு வருடப் பொறுமை, சரியான எதிராளி இத்தனையும் சேர்ந்தும் அவ்வளவு நெருக்கம்.

அதற்காக, பேசாமல் கீழேயே இருந்துவிடுவது பாதுகாப்பு என்றும் சொல்ல மாட்டேன். என் இரண்டாவது சுற்று எங்கே போயிற்று என்பது ஞாபகம் இருக்கிறதே! நீர் வற்றிய உடம்போடு தலையில் அடி வாங்குவதன் ஆபத்தை மருத்துவர்கள் பலர் எச்சரித்துக்கொண்டே இருக்கிறார்கள். 1982 நவம்பரில் லாஸ் வேகஸில் கிம் டுக்-கூ என்ற கொரியர் 135 பவுண்டு பட்டச் சண்டையின் 14ஆவது சுற்றில் விழுந்து, சில நாட்களில் மூளை ரத்தக்கசிவால் இறந்தார். அதன் பிறகுதான் பட்டச் சண்டைகள் 15 சுற்றிலிருந்து 12 ஆகின. 2025 ஆகஸ்டில் தோக்கியோவில் ஒரே இரவில் ஒரே அரங்கில் மோதிய இரண்டு இளைஞர்கள், வேறு வேறு சண்டைகளில் அடிபட்டு, ஒரு நாள் இடைவெளியில் இறந்தார்கள். கீழே நிற்பதற்கும் விலை உண்டு, மேலே போவதற்கும் விலை உண்டு. எந்த விலையைத் தன் உடம்பால் கொடுக்க முடியும் என்பதைத்தான் சாம்பியன் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. ரசிகர்களும் விளம்பரக்காரர்களும் போடும் கணக்கில் அந்த வரி இருப்பதில்லை.

கனேலோ சண்டை முடிந்ததும் எல்லோரும் கேட்டது, "அடுத்து எங்கே?" என்றுதான். 2025 டிசம்பரில் க்ராஃபோர்ட் பதில் சொன்னார். ஓய்வு. 42 சண்டை, 42 வெற்றி, அவற்றில் 31 நாக் அவுட், ஐந்து எடைப் பிரிவுகளில் பட்டம்.

செய்தி வந்த அன்று நண்பனுக்கு போன் செய்தேன்.

"இன்னும் ஒண்ணு ஏறியிருக்கலாமோ?" என்றான்.

கான் விழுந்ததும், ப்ரூக்கின் கண்ணும், நான்காவது முறையாக எழ முயன்ற கம்போவாவும் எனக்கு நினைவுக்கு வந்தார்கள். ஏணியில் ஏறி இறங்கிய எத்தனையோ பேரில், தன் காலாலேயே இறங்கி நடந்துபோனவர்கள் சொற்பம்.

"வேண்டாம்டா, போதும்" என்றேன்.